ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து போனால் கிரீன் கார்டு நிலைக்குமா?

கேள்வி: நான் டாலஸில் இருக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். அம்மாவுக்கு 68 வயது. நான்கு வருஷத்துக்கு முன் அவருக்குக் கிரீன் கார்டு எடுத்தேன். அப்பா போன பிறகு அம்மாவுக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை, வருஷத்தில் இரண்டு மாதம்போல் இங்கே, மீதி கும்பகோணத்தில். இந்த முறை போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. முழங்கால் ஆபரேஷன் செய்ய வேண்டும், அப்பா பெயரில் இருக்கும் வீட்டையும் விற்க வேண்டும், எல்லாம் முடிய இன்னும் ஒரு வருஷம் ஆகலாம். போன முறை வந்தபோதே விமான நிலையத்தில் அதிகாரி எச்சரித்து அனுப்பினார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டினால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். ரீ-என்ட்ரி பெர்மிட் எடுத்தால் இரண்டு வருஷம் கவலையில்லை என்கிறார் இன்னொருவர். அம்மா அங்கே இருக்கும்போதே நான் இங்கிருந்து விண்ணப்பிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு நேரம் குறைவு. முடியாது. ரீ-என்ட்ரி பெர்மிட் என்பது நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி. அதற்கான ஐ-131 படிவம் குடியேற்றத் துறையில் பதிவாகும் அன்று உங்கள் அம்மா அமெரிக்க மண்ணில் இருந்தாக வேண்டும். நீங்கள் மகன், ஸ்பான்சர், கையில் எல்லாக் காகிதமும் இருக்கிறது என்பதெல்லாம் இதில் உதவாது. அம்மா முதலில் இங்கே வர வேண்டும், அதுவும் அவர் அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய தேதியிலிருந்து ஒரு வருஷம் முடிவதற்குள் வந்து இறங்கியாக வேண்டும். எட்டு மாதம் போய்விட்டது என்றால் மிச்சம் இருப்பது நான்கு மாதம். ஆபரேஷன் தேதி இன்னும் குறிக்கவில்லையென்றால், தயவுசெய்து இப்போதைக்குக் குறிக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பிப்பதற்குள் அந்த நான்கு மாதம் ஓடிவிடும்.

ஒரு வருஷம் தாண்டினால் என்ன ஆகும்? கிரீன் கார்டு அன்றோடு செத்துப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஆனால் அந்த அட்டையைக் காட்டி நாட்டுக்குள் வர முடியாது, அவ்வளவு தூரம் போகும் முன்பே சென்னையில் விமான நிறுவனக் கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் இருக்கும் ஒரே நேர்வழி எஸ்பி-1 என்ற திரும்பி வரும் குடியிருப்பாளர் விசா. அதற்குத் தூதரகத்தில் விண்ணப்பித்து, தாமதம் நம் கைமீறிய காரணத்தால் வந்தது என்று காட்ட வேண்டும், அது ஏற்கப்பட்டால் மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் என்று குடியேற்ற விசாவுக்குரிய சடங்குகள் மறுபடி. நாமே நாள் பார்த்துச் செய்துகொண்ட முழங்கால் ஆபரேஷனைக் கைமீறிய காரணம் என்று ஒப்புக்கொள்ள வைப்பது சிரமம். அந்த நிலைமைக்குப் போக விடாதீர்கள்.

சரி, இப்போது அந்த ஆறு மாதக் கதைக்கு வருவோம். நம்மவர்கள் எந்தக் கல்யாணத்தில் கூடினாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார், கேட்பவர்களும் நம்பி ஊருக்கு டிக்கெட் போடுவார்கள். அதனால் எத்தனை குடும்பங்கள் அல்லாடுகின்றன என்று பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆறு மாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் நினைக்கிற இடத்தில் இல்லை. 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்து திரும்புகிற கிரீன் கார்டுக்காரரைச் சட்டம் புதிதாக அனுமதி கேட்டு வருபவராக நடத்தலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஒரே பயணம், வசிப்புத் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்ற அனுமானத்தைக் கொண்டுவரும். இவ்வளவுதான். ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டால் கார்டு பத்திரம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

கார்டு நிலைக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது வேறொரு கேள்வி: இவருடைய வீடு எங்கே? வெளிநாட்டுக்குப் போனது ஒரு காரியமாகப் போய், அது முடிந்ததும் திரும்பும் எண்ணத்தோடா, இல்லை அங்கேயே வசித்துக்கொண்டு இங்கே எட்டிப் பார்க்கிறாரா? 1975-இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்த்த கேன் வழக்கு இதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டாக நிற்கிறது. ஜமைக்காவில் தங்கும் விடுதி நடத்திக்கொண்டிருந்த ஒரு பெண், வருஷத்தின் பெரும்பகுதி அங்கேயே இருந்துகொண்டு, அமெரிக்க வசிப்புரிமை போய்விடக் கூடாதே என்று வருஷாவருஷம் கொஞ்ச நாள் இங்கே வந்து போனார். அவர் ஒருபோதும் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருக்கவில்லை என்பது அவரைக் காப்பாற்றவில்லை, வசிப்புரிமையைக் கைவிட்டுவிட்டார் என்றே தீர்ப்பு வந்தது. உங்கள் அம்மாவின் நான்கு வருஷத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் ஏன் கவலைப்படுகிறேன் என்று புரியும்.

விமான நிலையத்தில் எச்சரித்தார்கள் என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே என்ன கேட்டார்கள், அம்மா என்ன சொன்னார் என்று அவரிடம் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தீர்களா? நான் இத்தனை வருஷமாகக் கேட்டு வருகிற பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்பார். "பையனையும் பேரப் பிள்ளைகளையும் பார்க்க வந்தேன்" என்பார் அம்மா. எத்தனை நாள் இருப்பீர்கள்? "ரெண்டு மாசம் இருந்துட்டு ஊருக்குப் போயிடுவேன்." ஒரு சுற்றுலா விசாக்காரர் சொன்னால் இதைவிடச் சரியான பதில் கிடையாது. கிரீன் கார்டை நீட்டிவிட்டு இதைச் சொன்னால், நான் இங்கே வசிக்கவில்லை என்று தானே வாக்குமூலம் கொடுப்பது போல. அடுத்து தனி அறைக்கு அழைத்துப் போவார்கள். நீங்கள் வெளியே வண்டியோடு காத்திருப்பீர்கள், உள்ளே போனில் பேச விடமாட்டார்கள், சக்கர நாற்காலி தள்ளி வந்தவர் ஓரமாக ஒதுங்கி நிற்பார். அம்மா தனியாக, பாதி புரிந்த ஆங்கிலத்துக்கு எல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு வசனம் சொல்லிக் கொடுக்கக் கிளம்பாதீர்கள். பொய் சொல்ல வைத்தால் இதைவிடப் பெரிய வில்லங்கம். அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டே. ஒன்று, ஆங்கிலம் சரியாக வரவில்லையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. இரண்டாவது இன்னும் முக்கியம்: ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால், அது என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. அது தானாக முன்வந்து வசிப்புரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதம். போட மறுத்தால் அவரைக் குடியேற்ற நீதிபதி முன்பு அனுப்ப வேண்டும், அங்கே அவர் கைவிட்டுவிட்டார் என்று வலுவான ஆதாரத்தோடு நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்தின் தலையில் விழும். பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் போன் செய்பவர்களுக்கு என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.

டிக்கெட் விஷயத்தில் இன்னொன்று. அபுதாபி வழியாகப் போடாதீர்கள். அங்கே அமெரிக்க எல்லை அதிகாரிகளே உட்கார்ந்து முன்கூட்டியே சோதனையை முடிக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது வசதி, இறங்கியதும் உள்நாட்டுப் பயணிபோல வெளியே வந்துவிடலாம். ஆனால் அம்மா மாதிரி கேள்விக்குறியோடு வருபவர் அங்கே நிற்கும்போது இன்னும் அமெரிக்காவுக்குள் வந்துசேரவில்லை, விமானத்தில் ஏறவிடாமலே திருப்பி அனுப்பிவிடலாம். டாலஸில் இறங்கியவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, நீதிபதியிடம் போகும் வழி, அங்கே அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. தோஹா, துபாய், லண்டன் எதுவானாலும் பரவாயில்லை, சோதனை டாலஸில் நடக்கட்டும். அப்புறம், சென்னை–டாலஸ்–சென்னை என்று இரண்டு மாத இடைவெளியில் ரிட்டர்ன் போட்டுவிட்டு இங்கேதான் வசிக்கிறேன் என்று சொல்வது எடுபடாது. கையில் மருத்துவர் கடிதம், எக்ஸ்ரே அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், வீடு விற்பனைக்கான காகிதங்கள், இங்கே உங்கள் வீட்டு முகவரியில் அவர் பெயருக்கு வந்த வங்கிக் கணக்கு விவரம், டெக்சாஸ் அடையாள அட்டை, எது இருக்கிறதோ அதெல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக் கைப்பையில் வைத்து அனுப்புங்கள். செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால் கேட்கும் நேரத்தில் கைக்கு வராது.

வந்து சேர்ந்ததும் ஐ-131 போடுங்கள். 2024 ஏப்ரலில் கட்டணங்களை மாற்றியபோது ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு 630 டாலர் ஆக்கினார்கள், அனுப்புகிற அன்று குடியேற்றத் துறையின் கட்டணப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், தொகை மாறியிருந்தால் முழு விண்ணப்பமும் திரும்பி வந்துவிடும். அடுத்து கைரேகை எடுக்க அழைப்பு வரும். இந்த அழைப்புக்குப் போகாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்கு. கைரேகை கொடுத்துவிட்டால் பெர்மிட் வரும்வரை இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, கும்பகோணம் போகலாம். பெர்மிட்டை உங்கள் முகவரிக்கு வரவழைத்து நீங்கள் கூரியரில் அனுப்பலாம், வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் வாங்கிக்கொள்வதாகவும் படிவத்தில் குறிக்கலாம். பாஸ்போர்ட் மாதிரியே சின்னப் புத்தகமாக வரும். தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெர்மிட் கையில் வர மாதக்கணக்கில் ஆகிறது, சில சமயம் ஒரு வருஷத்தையே தாண்டுகிறது. விண்ணப்பித்த ரசீது பெர்மிட் ஆகாது. அம்மா கைரேகை கொடுத்துவிட்டுப் புறப்பட்ட தேதியிலிருந்து ஒரு வருஷம் நெருங்கும்போதும் பெர்மிட் வரவில்லையென்றால், பழைய கணக்குத்தான், ஒரு வருஷத்துக்குள் திரும்பியாக வேண்டும். பெர்மிட்டின் இரண்டு வருஷம் அது வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓடும். நீட்டிக்க முடியாது, இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி இங்கே வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசி ஐந்து வருஷத்தில் மொத்தமாக நான்கு வருஷத்துக்கு மேல் வெளியே கழித்தவருக்குப் பொதுவாக ஒரு வருஷத்துக்கு மட்டுமே தருகிறார்கள். அம்மாவின் கணக்கு அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டு வருஷம் கவலையில்லை என்று சொன்ன நண்பர் பாதிதான் சரி. பெர்மிட் கையில் இருந்தால், இவ்வளவு காலம் வெளியே இருந்தார் என்ற ஒரே காரணத்தை வைத்து வசிப்புரிமை போய்விட்டது என்று சொல்ல மாட்டார்கள். திரும்பி வரும் எண்ணத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததற்கு அது நல்ல சாட்சி. ஆனால் உள்ளே விடுவார்கள் என்ற உத்தரவாதம் அதில் இல்லை, மற்ற சூழ்நிலைகளை அதிகாரி அப்போதும் கேட்பார். குடியுரிமைக்கும் அது உதவாது. அதற்கு ஐந்து வருஷத்தில் 30 மாதமாவது இங்கே உடல்ரீதியாக இருந்திருக்க வேண்டும், பெர்மிட் இருந்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துதான் போகும். 65 வயதில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்கும் என்று காத்திருக்கும் குடும்பங்களுக்கும் இதே சிக்கல்: இங்கே வேலை செய்து வரி கட்டாத பெற்றோர் அதைப் பணம் கட்டி வாங்கவே தொடர்ந்து ஐந்து வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும்.

வருமான வரியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் நானே கேட்கிறேன், அம்மாவுக்கு இங்கே வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறீர்களா? இங்கே சம்பாத்தியம் இல்லையே என்று விட்டிருப்பீர்கள், பலரும் அப்படித்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும். கும்பகோணத்து வீட்டு வாடகை, அப்பாவின் குடும்ப ஓய்வூதியம், வங்கி எஃப்டி வட்டி எல்லாம் அதில் வரும். மொத்த வருமானம் தாக்கல் வரம்புக்குக் கீழே இருந்தால் சரி, இல்லாவிட்டால் செய்தாக வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகள் எல்லாவற்றையும் கூட்டி வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையைத் தனியாகக் கொடுக்க வேண்டும், வீடு விற்ற பணம் கணக்கில் விழும் வருஷம் நிச்சயம் தாண்டும். தெரியாமல் விட்டவர்கள் சரிசெய்துகொள்ள அமெரிக்க வருமான வரித் துறையிலேயே ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்து பழகிய ஆடிட்டரைப் பாருங்கள்.

இதை ஏன் குடியேற்ற வழக்கறிஞரான நான் சொல்கிறேன் என்றால், அந்த ஐ-131 படிவத்திலேயே இது கேள்வியாக வருகிறது: வசிப்புரிமை பெற்ற பிறகு எப்போதாவது வெளிநாட்டு வாசியாக வரிக் கணக்குக் கொடுத்தீர்களா, அல்லது உங்களை வெளிநாட்டு வாசியாகக் கருதி, கொடுக்காமல் விட்டீர்களா என்று. வருஷத்தில் 182 நாளுக்கு மேல் இந்தியாவில் இருப்பதால் அம்மா அங்கேயும் வரிக்கு உள்நாட்டு வாசிதான், அதனால் இரண்டு நாட்டு வரி ஒப்பந்தத்தைக் காட்டி, இவர் இந்தியவாசி என்று அமெரிக்காவில் எழுதிக் கொடுத்துவிட்டால் வரி மிச்சமாகும் என்று சில ஆடிட்டர்கள் யோசனை சொல்வார்கள். வரிக் கணக்காக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கிரீன் கார்டை வைத்துக்கொள்ள நினைப்பவர் அதைச் செய்தால், தன் வீடு இந்தியாவில்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஆகிவிடும். என்னைக் கேட்காமல் செய்துவிட்டு வந்தவர்களுடைய ஃபைல்கள்தான் என் மேஜையில் மிகக் கடினமானவை.

வீட்டு விற்பனைக்காக அம்மா அங்கேயே இருந்தாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். நம்பகமான உறவினர் ஒருவருக்கு அம்மா இங்கிருந்தே பவர் பத்திரம் எழுதி, இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றோடு அனுப்பலாம், டெக்சாஸுக்கு ஹூஸ்டன் அலுவலகம். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், இதை மறந்துவிட்டு அலைகிறவர்கள் நிறைய. பட்டா மாற்றம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் அந்த உறவினரே பார்த்துக்கொள்வார். பவர் யாருக்கு என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள், சொத்து விவகாரத்தில் நான் சொல்ல இவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முன்னால் அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதம் முழுக்கப் படித்தேன், கார்டை எப்படிக் காப்பாற்றுவது என்று இருக்கிறது, அம்மாவுக்கு எங்கே இருக்க ஆசை என்று ஒரு வரி இல்லை. இங்கே இருப்புக் கொள்ளவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலையில் கோயில், வாசலில் நின்று பேச நாலு பேர், வேண்டும்போது வெளியே போக ஆட்டோ, இது அவருக்கு அங்கே கிடைக்கிறது. டாலஸில் நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு சாயங்காலம்வரை வீட்டுக்குள். ஆபரேஷனும் வீடு விற்பனையும் முடிந்ததும் அவர் உண்மையிலேயே உங்களோடு வந்து தங்கப் போகிறார் என்றால், நான் மேலே சொன்னபடி செய்யுங்கள், பெர்மிட் அதற்குத்தான் இருக்கிறது. அப்போது அவர் அதிகாரியிடம் சொல்லும் பதிலும் தானாகவே சரியாக இருக்கும். ஆனால் கும்பகோணம்தான் அவர் வீடு, இங்கே வருவது பேரப் பிள்ளைகளைப் பார்க்க என்றால், கிரீன் கார்டு அவருக்கு உதவி செய்யவில்லை, ஒவ்வொரு பயணத்திலும் பயத்தைத்தான் கொடுக்கிறது.

அப்படியானால் கார்டை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு பி-1/பி-2 என்ற சுற்றுலா விசாவுக்குப் போவது நல்லது. இதே ஐ-407 படிவத்தை அவரே நிதானமாக, விவரம் தெரிந்து, கும்பகோணத்திலிருந்தே நிரப்பித் தபாலில் அனுப்பலாம், கட்டணம் கிடையாது. அதன் பிறகு சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தே தீரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் தானாக முன்வந்து கார்டை ஒப்படைத்தவர், நான் குடியேற வரவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று காட்ட முடியாது. இந்தியர்களுக்குப் பொதுவாகப் பத்து வருஷ விசா தருகிறார்கள், ஒவ்வொரு முறை வரும்போதும் வழக்கமாக ஆறு மாதம்வரை தங்க அனுமதி கிடைக்கும். எத்தனை நாள் என்பதை விசாவில் பார்க்காதீர்கள், நுழைவுப் பதிவான ஐ-94-இல் உள்ள தேதிதான் செல்லும், வந்த அன்றே இணையத்தில் எடுத்துப் பாருங்கள். விசாவில் வந்து வருஷத்தின் பாதிக்கு மேல் இங்கேயே இருந்தால் அதற்கும் கேள்வி வரும்.

திருப்பிக் கொடுத்தால் கதவு அடைத்துவிடும் என்று நினைத்துத்தான் பல பிள்ளைகள் தயங்குகிறார்கள். நீங்கள் குடியுரிமை பெற்றவர், 21 வயது தாண்டியவர். பெற்றோருக்கு வருஷாந்திர எண்ணிக்கை வரம்பு கிடையாது. நாலைந்து வருஷம் கழித்து அம்மா தனியாக இருக்க முடியாத நிலை வந்தால் மறுபடி ஐ-130 என்ற உறவினர் மனுவைப் போட்டு அழைத்துக்கொள்ளலாம், செலவும் காத்திருப்பும் உண்டு, அவ்வளவுதான். கடைசி 15 வரி வருஷங்களில் எட்டு வருஷமாவது கார்டு வைத்திருந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும்போது வெளியேறும் வரி என்று ஒன்று குறுக்கே வரலாம், அம்மாவுக்கு நான்கு வருஷமே ஆனதால் அந்தத் தொல்லையும் இப்போது இல்லை.

இந்த வாரமே அம்மாவிடம் பேசுங்கள், அண்ணியோ அக்காவோ இருந்தால் அவர்களையும் வைத்துக்கொண்டு. உங்களுக்காக ஒரு பதிலும் அவர்களுக்காக ஒரு பதிலும் சொல்வார் அம்மாக்கள், இரண்டையும் கேளுங்கள். வருவது என்று முடிவானால், கடைசியாகக் கிளம்பிய தேதியைப் பழைய விமான டிக்கெட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டு, வருஷம் முடிய ஒரு மாதமாவது மிச்சம் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். ஆபரேஷன் தேதியை, கைரேகை கொடுத்துவிட்டு அவர் திரும்பிப் போன பிறகு மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.